பாதியில் நிற்கும் பாடம்

அன்புள்ள உங்களுக்கு,

மாமா நலம். பக்கவாதம் வந்த கை இன்னும் அசையவில்லை; பசி மட்டும் நன்றாக எடுக்கிறது.

என் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் பாடத்தை வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வகுப்பில் குழுவாகக் கணக்குப் போடுவது மட்டும்தான். நான் வீடியோவைப் போட்டதும் மாமா கூப்பிடுவார். தண்ணீருக்கு, போர்வைக்கு, சில சமயம் சும்மாவே.

நேற்று என் குழுப் பெண், "அக்கா, நீங்க பார்க்காம வந்தா எங்க மார்க்கும் போகுது. வேற குழுவுக்குப் போயிடுங்களேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறு குழு எதுவும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இன்று காலை மாமாவிடம், "இனிமே காலேஜ் இல்ல மாமா. கூப்பிட்டா உடனே வந்துடுவேன்" என்றேன்.

"நல்லதும்மா" என்றார். அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நீங்கள் அவசரப்பட்டு லீவு போட வேண்டாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி