டேக் படித்த காலம்

ஜனவரி 11

இன்றைக்கு இங்கிலீஷ் வகுப்பில் டேக் தொடங்கியது. அஸ்னா டீச்சர் பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டு, "இந்த மாசம் முழுக்க இதுதான்" என்றார். ஒரு சொல்லுக்கு ஒரு மாதமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்லிக்கொண்டு போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது. பஸ் பிடித்தால் டேக். காய்ச்சலுக்குக் குளிசை போட்டால் டேக். படம் பிடித்தால், குளித்தால், கதிரையில் இருந்தால், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், எல்லாவற்றுக்கும் டேக். நாங்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் வைத்துக்கொண்டு மாய்கிறோம். வெள்ளைக்காரன் ஒன்றை வைத்தே சீவியத்தை ஓட்டுகிறான்.

வகுப்பில் நான்தான் மூத்தவன். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்து ஏ.எல். சோதினை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே போனபோது டிலக்சனா என்ற பிள்ளை, படிப்பிக்க வந்தவர் என்று நினைத்து எழும்பி நின்றுவிட்டாள். முப்பத்தெட்டு வயதில் பின்வரிசையில் இருந்து 'ஐ டேக் எ பஸ்' என்று அவர்களோடு சேர்ந்து பாடுகிறேன். எல்லாம் கட்டின மனிசிக்காக. வேணுஜா இங்கிலாந்தில் வயது போனவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போய் இரண்டாம் வருடம் நடக்கிறது. நான் ஒரு இங்கிலீஷ் சோதினை பாஸ் பண்ணினால் என்னையும் அங்கே கூப்பிடலாம் என்று போகும்போதே சொல்லியிருந்தாள்.

ஜனவரி 15

பொங்கவில்லை. ஒருத்தனுக்கு என்ன பொங்கல்? பக்கத்து வளவு அன்னப்பிள்ளை அக்கா ஒரு கிண்ணம் அனுப்பியிருந்தா. நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.

ஜனவரி 25

பின்னேரம் வேணு போனில் எடுத்தாள். வேலை இடத்தில் இருந்துதான். கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கிழவரின் குரல்: "டேக் யுவர் டைம், லவ்." வேணு சிரித்தாள்.

"ஆர் அது?"

"நான் பாக்கிற தாத்தா. அவசரமில்லை, ஆறுதலாக் கதை எண்டு சொல்லுறார்."

"லவ் எண்டுறார்?"

"அது சும்மா. எங்கட ஆக்கள் பிள்ளை எண்டு சொல்லுறமாதிரி."

அந்த மனிசனுக்குத் தொண்ணூறு வயதாம். சட்டைக்குத் தெறி பூட்டவே இவள் வேண்டும். அவரில் எனக்குப் பொறாமை. வெட்கக்கேடுதான், ஆனாலும் இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது? எனக்குத் தெரிந்த வேணு வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். இது வாய் திறந்த சிரிப்பு. எப்போது பழகினாள்?

பெப்ரவரி 8

அறுவடை முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை. ஏரம்பண்ணை, அன்னப்பிள்ளை அக்காவின் புருசன், வரம்பில் வந்து குந்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கோடைக்கு நிப்பியோ?"

"நிக்கமாட்டன் போலத்தான் கிடக்கு அண்ணை. சோதினை முடிஞ்சால் மனிசி கூப்பிட்டிடுவா."

"அப்ப உன்ரை பங்கு?"

"நீங்கள் செய்யுங்கோ."

கோடையில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்களைத் துண்டு பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுப்பார்கள். தன் பங்கு வேண்டாதவன், கோடை விதைப்புக்குக் கூடும் சிறுபோகக் கூட்டத்தில் எழும்பி, யாருக்குக் கொடுக்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் போகத்துக்குச் சொன்னதுதான். ஏரம்பண்ணை சந்தோசமாகப் போனார். எனக்கும் சந்தோசம், ஏதோ பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட மாதிரி.

பெப்ரவரி 15

சிவராத்திரி. காலையிலேயே திருக்கேதீஸ்வரம் கோயிலில் கால் வைக்க இடமில்லை. பாலாவித் தீர்த்தத்தில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னுக்கு ஒரு சோடி, பின்னுக்கு ஒரு சோடி. பின்னால் நின்ற பெண் தன் புருசனிடம் "குடம் பாரமே, நான் கொஞ்சம் பிடிக்கட்டே" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். லிங்கத்தின் தலையில் தண்ணீரை ஊற்றும்போது என்ன வேண்டுவது என்று யோசித்திருக்கவில்லை. வாயில் வந்தது, "என்னைக் கூப்பிடச் சொல்லு." சிவன் எந்த விசாக் கந்தோரில் வேலை செய்கிறார், கூப்பிடச் சொல்ல?

பெப்ரவரி 22

நோன்பு தொடங்கியதால் வகுப்பு காலைக்கு மாறியிருக்கிறது. மாதம் தாண்டியும் டேக் முடியவில்லை. இன்றைக்கு டேக் ஆஃப்டர், ஒருவரைப்போல இருப்பது. உங்கள் வீட்டில் யார் யாரைப்போல என்று டீச்சர் ஐந்து வசனம் எழுதச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளையில்லை. அயல்வீட்டு மாட்டையும் கன்றையும் வைத்து எழுதினேன். சரி போட்டுத் தந்தார்.

மார்ச் 1

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, என்ரை சோதினைக்கு எப்போது பதியலாம் என்று டீச்சரிடம் கேட்டேன். எந்த விசாவுக்கு என்று கேட்டார். சொன்னேன். மனிசி என்ன வேலை என்று திரும்பக் கேட்டார். அதையும் சொன்னேன். மேசையில் கிடந்த சோக்கட்டியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவ உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லையா?"

"என்னத்தை?"

"நான் நோன்பு. உங்களைச் சமாளிக்கிறதுக்காகவும் பொய் சொல்ல ஏலாது. இப்ப அந்த வேலைக்குப் போறவங்க குடும்பத்தைக் கூப்பிட ஏலா. என்ட மச்சி றிஸானாவும் அங்கதான் நிக்கிறா. பிள்ளைகள் இரண்டும் எங்கட வீட்டிலதான்."

"சோதினை பாஸ் பண்ணினாலும்?"

"பாஸ் பண்ணினாலும்தான்."

பஸ்ஸில் கடலுக்கு நடுவே தாம்போதி கடக்கும்போது காற்று முகத்தில் அறைந்தது. யன்னலைச் சாத்தவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அங்கேயே இருக்கிறவளுக்கு? தெரிந்துகொண்டு ஏனடி என்னை ஒவ்வொரு ஞாயிறும் வகுப்புக்கு விட்டனீ? நான் என்ன சின்னப்பிள்ளையே, பராக்குக் காட்ட?

மார்ச் 4

வேணு எடுத்தாள். "படிக்கிறீங்களோ?" "ஓம்." வேறொன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

மார்ச் 15

வகுப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்று டீச்சர் கேட்காததற்கு நன்றி.

மார்ச் 31

சிறுபோகக் கூட்டம். நான் செய்த விசர் வேலையை எழுதிவைக்கிறேன்.

பங்கு வாசித்துக்கொண்டு வந்தார்கள். இந்தமுறை எனக்கு விழுந்தது வாய்க்கால் வாயடித் துண்டு. முதல் தண்ணி பாயும் இடம், அதுக்கு ஆக்கள் அடிபடுவார்கள். பெயரைக் கூப்பிட்டதும் முன்வரிசையில் ஏரம்பண்ணை திரும்பிப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். "நான் நிக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனிசன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். பிறகு மனிசி கூப்பிடவில்லையாம் என்பார்கள். இரண்டு நாளில் வேணு அங்கே ஆரையோ பிடித்துவிட்டாள் என்று கதை கட்டிவிடுவார்கள். ஊரைத் தெரியாதா எனக்கு?

எழும்பி, "ஏரம்பண்ணைக்குக் குடுக்கிறன், நான் வெளியிலை போறன்" என்றேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டி, போனதும் எங்களை மறந்துபோடாதை என்றார்.

பொய்க்காகக் கோடைத் தண்ணியைக் குடுத்திட்டு வீட்டை வந்து படுத்திட்டன்.

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. வந்தவர்கள் எல்லாரும் "எப்ப பயணம்?" அடுத்த மாதம் என்று எல்லாருக்கும் சொன்னேன். ஊர் முழுக்க உழவு மெஷின் சத்தம். சும்மா இருக்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று இதுவரை தெரியாது.

ஏப்ரல் 19

வேணு எடுத்தாள். உழுதாச்சோ என்று கேட்டாள்.

"நான் செய்யேல்லை. பங்கை ஏரம்பண்ணைக்குக் குடுத்திட்டன்."

"ஏன்? ஆர் குடுக்கச் சொன்னது? வேற வேலையும் இல்லாமல் என்ன செய்யப்போறீங்கள்?"

"உன்னட்டை வரப்போறன்தானே."

லைன் விட்டுப்போச்சென்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்குத் தெரியும் வேணு. டீச்சர் சொன்னவ."

அழுதாள். கூப்பிட ஏலாது என்று, அங்கே போய்க் கொஞ்ச நாளிலேயே தனக்குத் தெரியுமாம். சொல்லவென்று போன் எடுத்த அன்றைக்குத்தான் நான் வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னேனாம். "உங்கட குரல் அண்டைக்குத்தான் சந்தோசமா இருந்தது. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அப்போதுதான் கேட்டேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவளிடம் ஒன்றும் இப்படிக் கேட்டதில்லை. "அப்ப நீ வாவன். திரும்பி வா."

மெல்லச் சொன்னாள்: "எனக்கு இங்கை நல்லாயிருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளும் பயந்தனான்."

கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அந்த வாய் திறந்த சிரிப்புத்தான் நினைவில் வந்தது.

ஏப்ரல் 20

சமைக்கவில்லை.

ஏப்ரல் 26

ஏரம்பண்ணையிடம் போய், நான் போகேல்லை என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அப்ப உன்ரை பங்கை நீயே செய். விதைக்க இன்னும் நாள் கிடக்கு" என்றார். சபையில் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இங்கிலீஷில் அதுக்கும் டேக் பேக் என்று சுகமாக ஒன்று இருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. கூலிக்கு வாறன் அண்ணை என்றேன். அன்னப்பிள்ளை அக்கா உள்ளே போய்விட்டா. சோற்றுக் கோப்பையோடு வந்தா.

மே 10

இப்போது ஒருவரும் பயணத்தைப்பற்றிக் கேட்பதில்லை. என்னைக் கண்டால் மழையைப்பற்றிக் கதைக்கிறார்கள்.

மத்தியானம் வாயடித் துண்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டு நிற்கும்போது வேணு எடுத்தாள். எங்கே நிற்கிறீங்கள் என்றாள். ஏரம்பண்ணையின் வயலுக்குள் என்றேன். அது யாருடைய பங்கு என்று அவளுக்குத் தெரியும். "வெயிலுக்கை கனநேரம் நிக்காதேங்கோ" என்றாள். ஓம் என்றேன். சாப்பாட்டைக் கேட்டாள். சொன்னேன்.

எப்போதும் அவள்தான் முதலில் போனை வைப்பாள். வைத்த பிறகும் நான் கொஞ்சநேரம் காதில் வைத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு, "தண்ணி மற்றப் பக்கம் பாயுது, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு நான் வைத்தேன்.