விஜி வரைந்த மேஜை

சோஹார், ஓமன், 2007

நவ. 16, வெள்ளி

ஏசி போடாமல் தூங்கிய முதல் ராத்திரி. காலையில் மீன் மார்க்கெட், பிறகு இஸ்திரி.

விஜியின் ஓவிய வகுப்பு வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது. க்யூபிச பாணி. ஒரே பொருளைப் பல பக்கமிருந்து பார்த்து ஒன்றாகச் சேர்த்து வரைவதாம். எங்கள் சாப்பாட்டு மேஜைதான். டபரா, டம்ளர், வாழைப்பழம், எல்லாம் துண்டு துண்டாக. முழுக்கப் பழுப்பு, சாம்பல்.

"எப்படிங்க இருக்கு?"

பைப்பிங் டிராஃப்ட்ஸ்மேன் வாய் சும்மா இருக்குமா? "டம்ளர மேலேருந்து பாக்கற பிளானும் பக்கத்துலேருந்து பாக்கற எலிவேஷனும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துருக்கு. டிராயிங் ரிஜெக்ட்."

சிரித்தாள். முழுசாகச் சிரிக்கவில்லை.

நவ. 17, சனி

டியூட்டியில் மனம் ஓடவில்லை. அத்தனை பழுப்பு எதற்கு? ஒரு பொருள்கூட முழுதாக இல்லையே. பகலெல்லாம் வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். வாய்விட்டுச் சொல்கிற ஆளும் இல்லை.

டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா வீடு இருக்கிற திருச்சிக்கு சீட் இருக்கிறதாம். அவள் இல்லாத வீடு. இருந்தாலும் பிடித்து வைக்கச் சொன்னேன்.

நவ. 19, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்று சாயங்காலக் காப்பியின்போது பேச்சை எடுத்தேன்.

"நாலு மாசம் உங்க அம்மா வீட்ல இருந்துட்டு வாயேன்."

டம்ளரை டக்கென்று வைத்தாள். "நான் இங்க இருக்கறது பாரமா இருக்கா?"

"ஐயோ, இல்லம்மா. படம் பூரா சோகமா இருக்கே, அதான்..."

"எது சோகம்?" கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படத்தின் முன் நிறுத்தினாள். "இது அடுப்படிலேருந்து தெரியற டம்ளர். இது உக்காந்தா தெரியறது. இது நீங்க பெல் அடிச்சதும் கதவத் தொறக்க ஓடறப்ப திரும்பிப் பாத்தது. நான் என்ன ஒரே எடத்துலயா நிக்கறேன்?"

"அந்தப் பழுப்பு?"

"அஞ்சு மணி வெயில். நீங்க வர்ற நேரம். சாம்பல் நம்ம எவர்சில்வர். வேற என்ன கலர் அடிக்கறது?"

அசடு வழிந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வருஷமாக என் நாற்காலியிலிருந்து தெரிவதைத்தான் மேஜை என்று நினைத்திருக்கிறேன்.

நவ. 20, செவ்வாய்

டிராவல்ஸ்காரரிடம் கலாஸ், சீட் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தக்காளி, சோப்பு வாங்கினேன்.

இன்று காப்பி நான் போட்டேன். அடுப்படியில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது என் நாற்காலி. இத்தனை நாள் தெரியாது. அதில் விஜி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரை கம்மியாம்.