ஆணியில் தொங்கும் மூச்சுப் பை

அக்கா,

இன்று காலை புது மூச்சுப் பையின் உறையைப் பிரித்தேன். ரப்பர் வாசம் முகத்தில் அடித்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பழையது வெடிப்பு விட்டுப் போனதால் மாற்றினோம். கவலைப்படாதீர்கள், அதே ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன்.

நம் பனியன் கம்பெனியில் முதலுதவிப் பெட்டியைப் பாதுகாப்பு ஆடிட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பூட்டிவிடுவார்கள். தையல் லைன் சூப்பர்வைசரான நீங்கள், மூச்சு நின்றவருக்குக் காற்றுக் கொடுக்கும் அந்தப் பையை மட்டும் வெளியே எடுத்து, என் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினீர்கள்.

"ஏனுங்கக்கா, ஆடிட்டுத்தான் முடிஞ்சுதுங்களே, அந்தப் பலூனை உள்ள வைங்க" என்று கேலி பேசினேன்.

"ஆடிட்டருக்கா தம்பி நெஞ்சு அடைக்கும்? நமக்குல்லா அடைக்கும்" என்றீர்கள்.

எனக்குத்தான் அடைத்தது. துணி விரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். அயர்ன் போடும் பீகார்த் தம்பி என் நெஞ்சை அமுக்க, நீங்கள் தலைமாட்டில் மண்டியிட்டுப் பையின் மாஸ்க்கை இரு கையாலும் முகத்தில் அழுத்திப் பிடித்தீர்கள். பையைப் பிழிந்தது செக்கிங் பெண். பீஸ் ரேட் கூலிக்கு ஓடிப் பழகிய கை, படபடவென்று பிழிந்ததாம்.

"அவசரப்படாத தாயி. நெஞ்சு எழும்புதான்னு பாரு, பொறவு விடு" என்றீர்களாம். அந்தக் களேபரத்திலும் குரலை உயர்த்தவில்லையாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஷாக் கொடுத்து இதயத்தை ஓட வைக்கும்வரை மூன்று பேரும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பு வலிக்கிறது என்று முனகினேன். "வலிக்குல்லா? அப்ப உசுரு இருக்கு. பேசாமப் படு" என்றீர்கள். என் மகளுக்கு இன்று அப்பா என்று கூப்பிட ஆள் இருக்கிறதென்றால் அது உங்களால்தான் அக்கா.

போன வருடம் நுரையீரல் கெட்டு, கம்பெனிக்குப் பக்கத்து ராயபுரம் வீட்டில் உங்களுக்கே ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பார்க்க வந்தபோது மாஸ்க்கை விலக்கி நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"பை வெளியதான தொங்குது?"

"ஆமாங்கக்கா" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் பொம்மையை வைத்துப் பையைப் பிழியப் பழக்குகிறேன். எல்லாருக்கும் கை பறக்கிறது. அப்போது உங்கள் தெற்கத்தி ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன், "அவசரப்படாத தாயி" என்று. சேவூர்க்காரனான என் வாயில் அது கோணலாகத்தான் வருகிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் அக்கா. கை மெதுவாகிவிடுகிறது.