முதல் வரியில் இரண்டு பெயர்கள்

இன்று காலை திருமழபாடியில் என் அம்மாவின் கைப்பேசியில் நீ பேசினாய். "கொள்ளிடத்துல தண்ணி வருதுங்க. ஆடு மாட்டக் கரையேத்திடுங்க. திரும்பக் கேக்க ஒண்ண அமுத்துங்க." அம்மா அடுப்படியில் நின்றபடியே ஒன்றை அழுத்தி மறுபடியும் கேட்டாள். காய்ச்சலில் நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. கரையோர ஊர்களை இன்னும் நீதான் அழைக்கிறாய்.

அதைப் பதிந்தது பெரம்பலூரில், நம் வாடகை அறையில். முதலில் 'எண் ஒன்றை அழுத்தவும்' என்றுதான் பதிந்திருந்தோம். ஏதோ வங்கி லோன் கொடுக்கக் கூப்பிடுகிறது என்று எல்லோரும் துண்டித்துவிட்டார்கள். "வூட்டுல பேசுற மாதிரி பேசுவோம்டி" என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தம் பதியாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்தாய். வியர்த்து வழிய வெளியே வந்து, "எனக்கு சினிமாவுல டப்பிங் வேலையே கெடைக்கும்" என்றாய்.

யாரை அழைப்பது, எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று தொலைபேசி மென்பொருளுக்குச் சொல்லும் நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். அதை இணையத்தில் பொதுவில் வைக்கலாம் என்றது நான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரை நீக்கக்கூடாது, திருத்தியதைப் பூட்டி வைக்கக்கூடாது. இப்படிச் சொல்லும் உரிமத்தைப் படித்துவிட்டு, "பொழைக்கத் தெரியாதவடி நீ" என்று என் தலையில் தட்டினாய். ஆனாலும் சம்மதித்தாய்.

உன் காரியம் முடிந்த மறுவாரம், பிறகு நீ வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"மேடம், நீங்க போட்டு வெச்சிருக்க ஸ்கிரிப்ட் எங்களோடது. எடுத்துடுங்க. ஊருக்குக் கூப்புடுறதையும் நிறுத்திடுங்க."

"அது நாங்க ரெண்டு பேரும் எழுதுனதுங்க."

"தனியா எழுதுனேன்னு சொல்லித்தான் வேலைக்கே சேந்தாங்க. அவங்க குடுத்த காப்பியில உங்க பேரே இல்லீங்களே."

என் பெயரையும் உரிமத்தையும் அழித்தது உன் கை. அதற்குப் பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாய். சிறுவாச்சூர் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப் போனாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. யாரையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை அல்லவா நீ திருடினாய்?

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. "நீங்க சேந்து செஞ்சது இன்னும் கூப்புடுதா கண்ணு?" என்று கேட்டார். "கூப்புடுதுங்கம்மா" என்றேன்.

நிரலை நான் எடுக்கவில்லை, அழைப்பையும் நிறுத்தவில்லை. நிறுவனத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார்கள். வரட்டும். எந்த வரியை எந்த நாளில் யார் எழுதினோம் என்பது பொதுவிலேயே இருக்கிறது.

ஒரு நாள் ஆத்திரத்தில், நம் இருவர் பெயரும் இருக்கும் நிரலின் முதல் வரியிலிருந்து உன் பெயரை அழித்தேன். சேமிக்கக் கை வரவில்லை. எடுக்காத எண்ணை விடாமல் மறுபடி அழைக்கும் பகுதி முழுக்க நீ எழுதியது. அதை வைத்துக்கொண்டு உன் பெயரை மட்டும் நீக்கினால், நீ செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? திரும்ப எழுதி வைத்தேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் அரியலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் ஊர் ஏரிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கங்க. மேல எங்க பேரு ரெண்டும் இருக்கும், அதுல எதையும் அழிச்சுடாதீங்க" என்றேன்.