பெரியவரின் கண்ணோரம்

மார்ச் 4, செவ்வாய்

பெரியவரை இன்று சுவரிலிருந்து இறக்கினோம். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தம்பி மனைவி "பாத்து, பாத்து" என்றபடி.

எங்கள் வம்சத்தில் பல தலைமுறைக்கு முந்திய கப்பல் வணிகர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் வரைந்த ஏதோ ஓவியரின் கை. எண்ணெய் வண்ணம், ஆள் உயரம். அப்பாவுக்கே அவர் பெயர் தெரியாது, பெரியவர் என்றுதான் சொல்லுவார். வீட்டை இடிக்கப் போகிறார்கள். நாங்கள் போகிற அடுக்குமாடி வீட்டில் இவர் நிற்கச் சுவர் கிடையாது. அதனால் ஏலம்.

தம்பி மனைவிக்கு நிம்மதி. "எங்க நின்னாலும் பாக்குறாரு. சோறு எறங்க மாட்டேங்குது" என்பாள்.

மார்ச் 19

ஓவியத்தைச் சுத்தம் செய்யும் பெண்மணி வரச் சொல்லியிருந்தார். மேலே கறுத்துக் கிடந்த பழைய வார்னிஷை எடுத்துவிட்டார். நான் இதுவரை பார்த்தது பெரியவரையே இல்லை போல. சிவந்த கன்னம், ஈரமான உதடு. உயிரோடு இருக்கிறார்.

இரண்டு கண்ணிலும், மூக்கை ஒட்டிய மேல் இமையில், மஞ்சளாக ஒரு திட்டு. விரல் கணுக்களில் புடைப்பு. வண்ணம் கெட்டுப்போனதோ என்று கேட்டேன். இல்லையாம், ஓவியரே பார்த்துப் பார்த்து வரைந்ததாம்.

தம்பிக்கும் அதே இடத்தில் அதே மஞ்சள் இருக்கிறது.

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் பிரேம் மாட்டிப் பார்க்கிறேன். இந்த மாதிரித் திட்டு சிலரிடம் கண்டதுண்டு. தோலில் ஏதோ என்று விட்டுவிடுவேன். இன்று அப்படி விட முடியவில்லை.

மார்ச் 20

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். "அப்போ சொத்து பூரா எனக்குத்தான்க்கா. மூஞ்சியிலயே பத்திரம் இருக்கு."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏலத்துக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நரைத்த தலை, பருத்திப் புடவை. ஒரு பெண்மணி பெரியவர் முன்னால் வெகுநேரம் நின்றார். வாங்குவாரோ என்று பக்கத்தில் போனேன். இதய மருத்துவராம்.

"பாவம், பாதியில போயிருப்பாரு" என்றார்.

ரத்தத்தில் கொழுப்பு. பிறவியிலேயே வருவது, வம்சத்தில் இறங்குவது. அதுதான் இமையிலும் கணுவிலும் படிகிறது. உள்ளே இதயக் குழாயையும் அடைக்கிறது. மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டுச் சாவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பெரியப்பா பஸ்ஸில், உட்கார்ந்தபடி. நோய் நொடியில் கிடக்காத நல்ல சாவு என்று ஊரே சொன்னது.

"பிள்ளைங்க இருந்தாங்களா இவருக்கு?"

"நாங்கதாங்க" என்றேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

ஏப்ரல் 7

வரமாட்டானாம். வேலை தலைக்கு மேலே கிடக்கிறதாம்.

ஏப்ரல் 15

நான் அழுது, அவன் மனைவி பேச்சை நிறுத்தி, ஒரு வழியாக இழுத்துப்போனோம். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. இந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார். ஏலம் முடியட்டும் என்கிறான் இவன்.

"ஏலம் நீங்க இல்லாமலும் நடக்கும்."

"பெரியவர வழியனுப்ப வீட்டு ஆம்பள நிக்கணும்ல டாக்டர்."

திரும்பி வந்து வீட்டு மாடி ஏறும்போது, பாதிப் படியில் நின்று போனைப் பார்த்தான். போன் அணைந்திருந்தது. நான் கவனித்ததை அவனும் கவனித்தான்.

ஏப்ரல் 21

ஏலமே இல்லையென்றால் உடனே சேர்ந்துவிடுவான் என்று, அவனுக்குத் தெரியாமல் ஏல நிறுவனத்துக்குப் போய், படத்தை விலக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அறிவிப்பு வெளியாகிவிட்டது, முடியாது என்றார்கள். எப்படியோ அவன் காதுக்கு எட்டி, சாயங்காலம் வந்து கத்தினான். "என்னப் பொணத்தப் பாக்குற மாதிரி பாக்காதக்கா."

அப்படியா பார்க்கிறேன்? அப்படித்தான் பார்க்கிறேன் போல.

ஏப்ரல் 24, வியாழன்

சுத்தியல் தட்டி முடிந்தது. வாங்கியவர் யாரோ, தொலைபேசியில். பெரியவரைத் துணி போர்த்தித் தூக்கிப்போனபோது தம்பி கை தட்டினான், பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். வரும் வழியெல்லாம் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தான். கேட்டதற்கு, சட்டை இறுக்கமாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். காலையில் எப்படியும் சேரத்தானே போறேன் என்றான். பையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

ஏப்ரல் 25

கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தான். எழுந்திருக்கவில்லை.

அவன் சின்ன மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே 12

ரத்த உறவு எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்றிருந்தார் டாக்டர். எனக்கு ஒன்றும் இல்லை. சந்தோஷப்படத் தெரியவில்லை. தம்பி மனைவியால் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியவில்லை. குழந்தையை நான்தான் கூட்டிப்போனேன். அவளுக்கு இருக்கிறது.

இப்போதே தெரிந்தது நல்லது என்றார் டாக்டர். "மாத்திரைய விடாம இருந்தா இவ நல்லா கிழவி ஆவா."

வெளியே பெஞ்சில் உட்கார வைத்து முதல் மாத்திரையைப் பிரித்தேன். கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இத அப்பாவுக்கு ஏன் யாரும் குடுக்கல அத்தை?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். என்னையே பார்த்தபடி விழுங்கினாள்.