பொய்க்குப் போட்ட குணுக்கு

என்னோடு இங்கே கொண்டுவந்த உங்கள் மேஜையின் இழுப்பறையில் வேறெதையோ தேடப்போய் அந்த இரண்டு மரக் கிளிப்புகளும் அகப்பட்டன. துணி காயப்போடுகிற கிளிப்புகள்தான். ஒவ்வொன்றின் வாலிலும் நீங்கள் கட்டிவிட்ட சிவப்புக் கம்பளி நூல் நிறம் மங்கித் தொங்குகிறது. சுருள்கம்பி துருப்பிடித்திருக்கிறது, கடி குறையவில்லை. விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். ஆறு வருடமாகப் பேசியாயிற்று. பதின்மூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லோரும் உங்களைத் தங்கமான மனுஷர் என்றார்கள். நானும் தலையாட்டினேன். இன்று ஒரு நாள் உண்மையை எழுதுகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது ஒரு சௌகரியம்.

வலியசாலை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமென்றால் சீட்டில் இருபத்தெட்டு ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஏலம் எடுத்தவர் துருப்புச் சீட்டைக் குப்புற வைப்பார். அது ஸ்பேடா கிளாவரா என்று அவருடைய ஜோடிக்கும் தெரியக் கூடாது. அதுதான் ஆட்டமே. காசு கிடையாது. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், ஜெயிக்கும்வரை. மற்ற வீடுகளில் பலா இலையையோ வெங்காயத்தையோ தொங்கவிடுவார்கள். நம் வீட்டில் ஆளுக்கொரு கிளிப்.

அடுத்த தெரு வக்கீல் எனக்கு ஜோடி, அவர் மனைவி உங்களுக்கு. அந்த மாமி மகளின் பிரசவத்துக்கென்று பாலக்காடு போனாள். காலி இடத்தில் நம் மகள் பாமாவை உட்காரவைக்கலாம் என்றீர்கள். அவளுக்கு ஒன்பது வயது.

"குழந்தைக்குக் கழுதை ஆட்டம் போரும்" என்றேன்.

"சீட்டுல உட்கார்ந்தாத்தான் மனுஷாளத் தெரியும். பள்ளிக்கூடத்துல இதச் சொல்லித் தருவாளோ?" என்றீர்கள்.

"சரி, உட்காரட்டும். ஆனா உட்கார்ந்தப்பறம் குழந்தைன்னு ஒரு சலுகையும் கிடையாது, கேட்டேளா."

இதைச் சொன்னது நான். மறுக்கவில்லை.

மூன்று வாரம் நீங்கள் இருவரும் தோற்கவே இல்லை. வக்கீல் குழந்தையின் மூளையை மெச்சினார். எனக்கு இரண்டாவது வாரமே புரிந்துவிட்டது. துருப்பைக் குப்புற வைத்ததும் உங்கள் கை மூக்குக்கண்ணாடிக்குப் போகும். ஒரு தடவை தொட்டால் ஒன்று, இரண்டு தடவை தொட்டால் வேறொன்று. மனிதர்கள் காசுக்குத் திருடுவார்கள், பசிக்குத் திருடுவார்கள். நீங்கள் ஒரு துணிக் கிளிப்புக்குப் பயந்து திருடினீர்கள். அதற்கு ஒரு குழந்தையைக் கூட்டுச் சேர்த்தீர்கள். பார்த்தும் நான் பேசவில்லை. பார்க்காததுபோல் இருப்பதைக் கௌரவம் என்று நினைத்த காலம் அது.

நான்காவது ஞாயிறு நீங்கள் துருப்பை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தொட்டீர்கள். பாமா கையிலிருந்த சீட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்பா, ரெண்டு தடவ தொட்டா கிளாவரா, டைமனா? மறந்துபோச்சு."

வக்கீல் சீட்டைக் கீழே வைத்தார். "ஓய், உம்ம சாட்சியே உம்மக் கவுத்துட்டாளே" என்று சிரித்தார். அவர் சிரித்ததோடு நீங்களும் சிரித்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நீங்கள் சிரிக்கவில்லை.

"என்னடி உளர்றே? தோக்கப்போறோம்னு தெரிஞ்சு கதை கட்டறயா?"

"இல்லப்பா, நீதானே சொல்லித்தந்தே…"

"பொய் சொல்லப்படாது." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "நீயே சொல்லு. நான் அப்படிச் செய்வேனா?"

குழந்தையும் என்னைப் பார்த்தாள். நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பொய் சொன்னவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைப்பார்கள். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் நின்றதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள். அதனால் என் வார்த்தைக்கு வீட்டில் மறுபேச்சு இருந்ததில்லை.

"அப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டார்" என்றேன். "பொய் சொன்னதுக்கு ரெண்டு காதுலயும் போட்டுக்கோ."

நான்தான் மாட்டினேன். உங்களுக்கு அது போதவில்லை. முக்குக் கடையில் சோடா வாங்கி வரச் சொல்லி அப்படியே அனுப்பினீர்கள். பொழுது சாய்ந்து, கோவிலுக்குப் போகிறவர்கள் நடமாடுகிற நேரம். "எந்தா மோளே, காதுல?" என்று மலையாளக் கடைக்காரர் கேட்டது நம் வாசல்வரை கேட்டது. அவள் சொன்ன பதிலும் கேட்டது: "நான் பொய் சொன்னேன்." திரும்பி வந்து நான்கு சோடாவையும் வரிசையாக வைத்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு உங்களிடம் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை. நீங்கள் அதை மரியாதை என்று நினைத்தீர்கள்.

இப்போது நான் பாமாவோடு இருக்கிறேன். அவள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சீட்டுத்தான், போக்கர். அவளும் மாப்பிள்ளையும் பக்கத்து ஃபிளாட் தம்பதியும் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறார்கள். போன வாரம் பேத்தி தானும் ஆட நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "நானும் களிக்கட்டே அம்மா?"

"வேண்டாம்" என்றாள் பாமா.

"புளியங்கொட்டைக்குத்தானே, இருந்துட்டுப் போட்டும்" என்றார் மாப்பிள்ளை.

"இதுல நன்னாப் பொய் சொல்றவாதான் ஜெயிப்பா. பத்து வயசுல அது வேண்டாம்."

"அது பொய் இல்ல, பிளஃப். பாட்டி சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாமாவும் பார்த்தாள். அதே பார்வை.

"உட்காரட்டும்" என்றேன். "இதுல எல்லாரும் பொய் சொல்லுவான்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். யோக்கியமான ஆட்டமாக்கும். ஒங்கப்பா ஆடினது மாதிரி இல்ல." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அன்னிக்கு நீ சொன்னது நெஜம், பாமா. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பா பொய் சொன்னார்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "நீ அவர நம்பி ஏமாந்துட்டேன்னு நெனச்சிண்டிருந்தேன். இத்தன வருஷமும் ஒன்ன நெனச்சாப் பாவமா இருக்கும்."

மகளுக்கும் சேர்த்துச் சீட்டுப் போட்டாள். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, வெளிச்சம் மறைக்கறது" என்றாள் என்னிடம். குழந்தை கையில் ஒன்றுமில்லாமலே முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எல்லோருடைய புளியங்கொட்டையையும் ஜெயித்தது. கைதட்டினார்கள்.

இத்தனை நாளும் பாமா என்னைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டது அந்தப் பரிதாபத்தினால்தான் என்று இப்போது தெரிகிறது. மாத்திரையும் காப்பியும் இப்போதும் வேளைக்கு வருகின்றன. கொண்டு வைப்பது மட்டும் அவளில்லை, வேலைக்காரப் பெண். சீட்டில் உட்கார்ந்தால் மனுஷாளைத் தெரியும் என்றீர்களே. உங்களைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. என்னைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ இதை எழுதவில்லை. ஒன்றைச் சொல்லத்தான். சற்று முன் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கிளிப்பையும் என் காதில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

அவள் கடைவரை போய் வந்தாள்.