வாரேன் என்று சொன்னது

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சில விஷயங்கள் போனில் வாயில் வருவதில்லை. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

எங்கள் தீம் பார்க் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி இங்கே மும்பைக்கு வந்திருந்தார். அறையைக் காட்டிவிட்டு, நம் ஊர் நினைப்பில் "ஐ வில் கம், சார்" என்று விடைபெற்றேன். பாவம், நான் திரும்பி வருவேன் என்று அங்கேயே காத்திருந்தார்.

"ஏத்தா பாண்டீஸ்வரி, வாரேன்னு சொன்னா இங்க நெசமா வரணும்த்தா!" என்று தேனிக்கார சூப்பர்வைசர் அண்ணன் சிரித்தார். நட்சத்திரம் கிடைத்துவிட்டது.

விடுதியில் ஏசி குளிர் அதிகம். அம்மாவின் பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பாண்டீஸ்வரி

அப்பா, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது "வாரேன்ப்பா" என்றேன். நான் ஓட்டல் வேலைக்குப் போகிற கோபத்தில் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். "வா"ன்னு மட்டும் சொல்லுங்கப்பா.